மூன்றாவது முறை கூப்பிட்டால் லாரி

எங்கள் பிஸ்கட் கம்பெனியில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தோம். அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இதைப் படிக்கிறவர் வீட்டிலேயே ஒருவர் "என்ன, கூப்பிட்டியா?" என்று எட்டிப் பார்ப்பார். அவ்வளவு மலிந்துபோன பெயர். நாங்கள் பிறந்த காலத்தில் பெற்றவர்களுக்கு யோசிக்கச் சோம்பல் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன வைத்தார்களோ அதையே தங்கள் பிள்ளைக்கும் வைத்துவிட்டார்கள்.

கம்பெனிக்குள் அந்தப் பெயரால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிஸ்கட் வேகிற அடுப்பு என் பொறுப்பு, அதனால் நான் அடுப்பு. சரக்கு ஏற்றிப் போகிறவன் லாரி. வெந்து வருவதை டப்பாவில் அடுக்குகிறவர் டப்பா. அவர் எங்களைவிட மூத்தவர் என்பதால் நானும் லாரியும் டப்பா அண்ணே என்போம். மற்றவர்களுக்கு வெறும் டப்பாதான். இது அவருடைய கதை.

பெயர் ஒன்று என்பதற்காகக் குணமும் ஒன்றாக இருந்துவிடுமா? லாரிக்கு வாய் ஓயாது. செக்போஸ்ட்டில் நிறுத்தினாலும் நிறுத்தினவரோடு உறவு கொண்டாடிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். எனக்கு முன்கோபம். நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிறவனுக்குக் கோபம் வராமல் குளிரா வரும்? டப்பா அண்ணன் எங்கள் இரண்டு பேரிலும் சேர்த்தி இல்லை. யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், மிதித்தவர் சங்கடப்படக்கூடாதே என்று இவர் காலை நகர்த்திக்கொள்வார். பெல்ட்டில் வரும் பிஸ்கட்டை இரண்டு கையாலும் அணைத்து எடுத்து, டப்பாவுக்குள் ஒரு வரிசை இறக்கி, மெழுகுத்தாளை மடித்து மூடி, அடுத்த டப்பாவை இழுப்பார். அந்த வேலையில் பேச்சுக்கு இடமில்லை. அவரும் இடம் தேடியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை குரலை உயர்த்தினார். அதுவும் உயர்த்தக்கூடாத இடத்தில். கட்டிக்கொடுத்த ஒரே மகள் ஒரு நாள் காலையில் பெட்டியோடு வந்து நின்று, இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்றிருக்கிறாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறப்பதைப் பார்த்துவிட்டார். "அனுசரிச்சுப் போறதுதான் குடும்பம். கெளம்பு, கெளம்பு" என்று அந்த ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிறதென்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது பெட்டியும் இல்லை, பெண்ணும் இல்லை. புருஷன் வீட்டுக்கும் அவள் போகவில்லை.

மாப்பிள்ளை கைநீட்டுகிறவன் என்ற விஷயத்தை அவர் மனைவி அன்றைக்குத்தான் உடைத்தார். அதற்கப்புறம் டப்பா அண்ணன் பாதி ஆளாகிவிட்டார். அந்த மாப்பிள்ளையைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் குதித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனைக் கேட்டு என்னப்பா ஆகப் போகுது? வாசல்ல வந்து நின்னவள அனுப்பினது நான். அவ வந்தான்னா ஒண்ணே ஒண்ணு சொல்லணும்."

"என்னது?"

"தப்பு பண்ணிட்டேம்மான்னு."

"அதைப் போன்லயே சொல்லலாமேண்ணே."

"எடுக்கலப்பா. அப்புறம் நம்பரையும் மாத்திட்டா."

மகள் வேறொரு ஊரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள் என்பதெல்லாம் மனைவி வழியாக அவருக்குத் தெரியும். புது நம்பர் மனைவியிடம் இருப்பதும் தெரியும். அப்பாவிடம் கொடுக்கமாட்டேன் என்று மகளுக்குச் சத்தியம் செய்திருந்தாராம். சத்தியத்தை உடைக்கச் சொல்ல இவருக்கு நா எழவில்லை. என்றைக்காவது அவளாக வருவாள் என்று இருந்தார். வருவாள் என்று எதை வைத்து நம்பினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இங்கே எங்கள் கூப்பிடுகிற முறையைச் சொல்ல வேண்டும். முன்பொரு தடவை ஒரு புண்ணியவானின் செல்போன் மாவுக் கலவையில் விழுந்து, ஒரு தொட்டி மாவையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து எல்லார் போனும் கேட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் போய்விடும். யாருக்காவது ஆள் வந்தாலோ அவசரம் என்றாலோ, வாட்ச்மேன் மைக்கில் பெயரைச் சொல்லுவார். உள்ளே இருக்கிற ஒலிபெருக்கி ஏதோ ஒரு யுகத்தில் வாங்கியது. இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டி பெயர் மட்டும் கேட்கும். அதற்கு மேல் அவர் என்ன சொன்னாலும் கொரகொரவென்றுதான் விழும். எங்கள் பெயரைச் சொன்னால் மூன்று பேரும் வேலையைப் போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடுவோம். அடுப்பில் பிஸ்கட் கருகும், பெல்ட்டில் வழிந்து தரையில் கொட்டும். சூப்பர்வைசர் எங்களைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார்.

லாரிதான் ஒரு யோசனை சொன்னான். பெயரை ஒரு தடவை சொன்னால் அடுப்பு. இரண்டு தடவை சொன்னால் டப்பா. மூன்று தடவை என்றால் லாரி. "உனக்கு மட்டும் எதுக்குடா மூணு?" என்றேன். "லாரிக்கு ஹார்ன் ஜாஸ்தி" என்றான். வாட்ச்மேனுக்கும் அது பழகிவிட்டது, எங்களுக்கும் உடம்போடு ஒட்டிவிட்டது. இரண்டாவது தடவை பெயர் விழும்போது டப்பா அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் எட்டு எடுத்து வைப்பார். மூன்றாவதும் விழுந்தால் அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு பிஸ்கட்டை அணைக்கத் தொடங்கிவிடுவார். இரண்டோடு நின்றுவிட்டால் ஓட்டமாக ஓடுவார். ஓடிப்போய்ப் பார்த்தால், வீட்டுச் சாவியைக் கொண்டுபோய்விட்டாரென்று மனைவி ஆள் அனுப்பியிருப்பார். முகம் தொங்கத் திரும்பி வருவார். யாரை எதிர்பார்த்து ஓடினார் என்று எனக்குத் தெரியும். நான் கண்டுகொள்ளாத மாதிரி அடுப்பைப் பார்ப்பேன்.

அன்றைக்குப் பழைய வாட்ச்மேன் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். மாற்றாக ஒரு பெரியவரை அனுப்பியிருந்தார்கள். நல்ல மனுஷர். அதுதான் வினையாகிவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அடுப்பு சூடேறிய சமயம், ஒலிபெருக்கியில் எங்கள் பெயர் வந்தது. நான் நிமிர்ந்தேன். இரண்டாவதும் வந்தது. டப்பா அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் எட்டு வைத்தார். மூன்றாவது வந்தது. காலை இழுத்துக்கொண்டார்.

லாரியோ காலையிலேயே சரக்கோடு கிளம்பிப் போயிருந்தான். அவன் இல்லை என்பது கேட்டில் இருக்கிறவருக்குத் தெரியாதா என்று நினைத்தேன். பெயர் நிற்கவில்லை. மறுபடியும், மறுபடியும், நடுவில் ஏதோ கொரகொரப்பு, திரும்பவும் பெயர். பேக்கிங்கில் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "லாரி எந்த ஊர்ல யார்கிட்ட மாட்டிக்கிட்டானோ" என்றாள் லேபிள் ஒட்டுகிற பெண். வாய் திறக்காத டப்பா அண்ணன்கூட அன்றைக்குத் திறந்தார்.

"நம்ம லாரிக்கு இன்னைக்கு மவுசு கூடிப்போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி ஓய்ந்தது.

ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வந்தோம். போன் பெட்டியைத் திறந்துவிட்ட பெரியவர், எங்கள் பெயரைச் சொல்லி, அது யார் என்று கேட்டார்.

"நானும்தான், இவரும்தான். எதுக்கு?" என்றேன்.

"மத்தியானம் ஒரு பொண்ணு வந்துச்சுங்க. பேரைச் சொல்லி, பேக்கிங்ல இருக்கார், எங்கப்பான்னு சொல்லுச்சு. ரெண்டு பெரிய பெட்டியோட ஆட்டோவ நிக்க வச்சிருந்துச்சு. வெளிநாடு போகுதாம், இன்னைக்கு ராத்திரி விமானமாம். தொண்டை வத்தக் கூப்பிட்டேன். யாருமே வரல."

டப்பா அண்ணன் போன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க உள்ள வந்து பார்த்திருக்கலாமே!" என்று நான் கத்தினேன்.

"கேட்டை விட்டு நகரக்கூடாதுங்களே தம்பி."

அதுவும் சரிதான். யார்மேல் பாய்வது என்று தெரியாமல் நின்றேன்.

"போறப்ப என்னங்க சொன்னா?" என்று டப்பா அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. உள்ள கேட்டிருக்குமான்னு மட்டும் கேட்டுச்சு. நல்லாவே கேட்கும்மான்னு சொன்னேன்" என்றார் பெரியவர். நல்லது செய்ததாகத்தான் அவர் முகத்தில் இருந்தது.

டப்பா அண்ணன் போனில் தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு வந்து தவறியிருந்தது. திருப்பிப் போட்டார். மணி அடித்து, பாதியில் துண்டிக்கப்பட்டது. இன்னொரு தடவை போட்டார். அதுவும் அப்படியே. அதற்குள் வண்டியை நிறுத்திவிட்டு வந்த லாரி, விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். "ஏறுங்கண்ணே, லாரியிலயே போயிடலாம்" என்றான். விமான நிலையம் இருக்கிற தூரத்துக்கு, நாங்கள் போய்ச் சேரும்போது அவள் கடலைத் தாண்டியிருப்பாள். அது அவனுக்கும் தெரியும். மூன்று பேரும் அவர் வீட்டுக்கு நடந்தோம்.

வீட்டில் அண்ணி கூடத்து நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. மகள் ஆட்டோவில் இருந்தே போன் பண்ணி அழுதிருக்கிறாள்.

"அப்பா மாறிட்டாருடி, போறதுக்கு முன்னாடி ஒரு எட்டு பார்த்துட்டுப் போடின்னு நாந்தான் அவகிட்ட கெஞ்சிக் கெஞ்சி அனுப்பி வச்சேன். உங்ககிட்ட முன்னாடியே சொன்னா படபடத்துப் போயிடுவீங்கன்னு சொல்லல. பெத்த பொண்ணு வாசல்ல நின்னு கூப்பிடுது, எந்திரிச்சு வர மனசு வரலையா உங்களுக்கு?"

அவர் சொல்லத் தொடங்கினார். ஒரு தடவை கூப்பிட்டால் அடுப்பு, இரண்டு தடவை என்றால் நான், மூன்று தடவை என்றால்... கம்பெனிக்குள் அது வேதவாக்கு. அந்தக் கூடத்தில், அழுது வீங்கிய ஒரு முகத்துக்கு முன்னால், சின்னப் பிள்ளைகள் ஜோடித்த பொய் மாதிரி இருந்தது.

"மூணு பேரும் வழியில பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?" என்றார் அண்ணி.

"அண்ணி, சத்தியமா நெசம்!" லாரிக்கு அழுகையே வந்துவிட்டது. "என் தலையில இடி விழட்டும், அந்த யோசனையே என்னோடதுதான். பாப்பாவுக்குப் போன் போடுங்க. உங்க போன்னா எடுக்கும். நான் பேசறேன்."

அண்ணி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு போன் போட்டார், சத்தம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். அவள் எடுத்துவிட்டாள். லாரி தன் வாய்த்திறமை அத்தனையையும் இறக்கினான். மாவில் விழுந்த போனில் ஆரம்பித்து, கருகிய பிஸ்கட், ஹார்ன், பல் பிடுங்கப் போன வாட்ச்மேன் என்று ஒன்றையும் விடவில்லை. மறுமுனையில் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரி சித்தப்பா. அப்பாகிட்ட குடுங்க."

அவர் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அப்பா."

"சொல்லும்மா."

"மூணு தடவைக்கு மேல போனதும் உங்களை இல்லன்னு நெனச்சிட்டீங்க. நம்பறேன்ப்பா. இதையெல்லாம் யாரும் கற்பனையா சொல்ல முடியாது."

லாரி காற்றில் கையைக் குத்தினான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆனா அந்தப் பெரியவர் எவ்வளவு நேரம் கத்தினாரு தெரியுமா? பக்கத்துல நின்ன எனக்கே பாவமா இருந்துச்சு. யாரைக் கூப்பிட்டா என்னப்பா? யாரோ ஒருத்தருக்கு ஏதோ அவசரம்னு தெரியுதுல்ல. வந்து எட்டிப் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் தேவலாம். தெரிந்துகொள்கிறவள் மாதிரிதான் கேட்டாள். இத்தனை காலமாகச் சேர்த்து வைத்திருந்த அந்த ஒற்றை வார்த்தை இப்போதாவது வரும் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெல்ட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சும்மா" என்றார்.

"ஆமாப்பா" என்றாள். பிறகு, "இங்க உள்ள போகச் சொல்றாங்க. மாத்திரைய விடாம போடுங்க. அம்மாவைப் பார்த்துக்கங்க" என்றாள்.

"தப்பு..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. அவளாக வைத்தாளா, தானாகப் போனதா, யாருக்குத் தெரியும்?

லாரிதான் முதலில் பேசினான். "பார்த்தீங்களாண்ணே, நம்பிட்டா! நான் சொன்னேன்ல? இனிமே என்ன கவலை?"

டப்பா அண்ணன் அந்தப் போனை மனைவியிடம் நீட்டினார்.

"நம்பிட்டாப்பா. நம்பாம இருந்தா, இல்லம்மா, நெசமாத்தான் சொல்றேன்னு நாளைக்கும் கூப்பிடலாம், நாளன்னைக்கும் கூப்பிடலாம். இனிமே எதைச் சொல்லி அவளைக் கூப்பிடறது?"

அண்ணி எழுந்து போய் விளக்கைப் போட்டார்.