இரண்டாவது வரி என் வீட்டுக்காரருக்கு

ஆட்டோ முழுக்க மிளகு வாசனை. அல்வாலில் வீட்டு வாசலில் ஏறியதிலிருந்து என் வீட்டுக்காரர் மிளகும் பனங்கற்கண்டுமாக மென்றுகொண்டே வந்தார். தொண்டைக்கு நல்லதாம். பாடப்போவது என்னவோ ஒரே ஒரு வரி...

2005 வாக்கில் என்று நினைவு. எனக்கு ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் வேலை கிடைத்ததும், மதுரையில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு என்னோடு கிளம்பி வந்தவர் அவர். உப்பலில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்தார். தெலுங்கு வரவில்லை, இந்தி அதைவிட மோசம். காலேஜ் நாட்களில் மைக்கை விடாத மனிதர், இங்கே வந்து 'ம்', 'சரி' இரண்டை மட்டும் வைத்தே நாளை ஓட்டினார்.

எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது ஆறு வயது. அவள்கூட அவரிடம் ஸ்கூலில் பழகிய தெலுங்கில்தான் பேசுவாள். பாதி புரியாமல் சிரித்துவைப்பார்.

அப்போதுதான் செகந்திராபாத் தமிழர்கள் சிலர் சேர்ந்து, பழைய குடும்பப் படப் பாட்டுகளைக் கோத்து ஒரு நாடகம் போடுவதாகக் கேள்விப்பட்டோம். கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அம்மா சொல்லிக்கொடுத்த குடும்பப் பாட்டு, திருவிழாக் கூட்டத்தில் பிரிந்துபோகும் அண்ணன் தம்பி... கடைசிக் காட்சியில் அண்ணன் முதல் வரியைப் பாட, எங்கிருந்தோ தம்பி இரண்டாவது வரியைப் பாட, கட்டிப்பிடித்து அழுது, சுபம்!

அந்தத் தொலைந்துபோன தம்பி வேஷம் இவருக்கு. மொத்த நாடகத்திலும் அந்த ஒரு வரிதான் இவர் பங்கு. அதற்கு வீட்டில் நடந்த பிராக்டீஸ் இருக்கிறதே... குளிக்கும்போது, ஷேவ் பண்ணும்போது, பால் பாக்கெட்டை வெட்டும்போது! இந்த ஊருக்கு வந்த பிறகு அவர் குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டது அப்போதுதான்.

அண்ணனாக நடித்தவர் எத்திராஜ் சார். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. தாத்தா காலத்திலிருந்தே செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம்; 'வேண்டாம்' என்பது அவர் வாயில் 'நக்கோ' என்றுதான் வரும்.

"சார், சுருதி விட்டுப்போச்சுன்னா என்ன சார் பண்றது?" என்று இவர் மேடைக்குப் பின்னால் கையைப் பிசைந்தார்.

"டென்ஷன் நக்கோ தம்பி. நான் எடுத்துக் குடுப்பேன், நீ புடிச்சிக்கோ. அவ்ளோதான்."

நாடகம் ஆரம்பித்தது. முதல் பாட்டுக்கே என் பக்கத்து ஸீட் மாமி கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். அறிவிப்பாளர் வேறு, "வெக்கப்படாம எல்லாரும் சேந்து பாடுங்க!" என்று உசுப்பிவிட்டார். கேட்கவா வேண்டும்! தாலாட்டு, அண்ணன் தங்கை பாட்டு, கல்யாணப் பாட்டு என்று ஹாலே கச்சேரி செய்தது. வாரம் முழுக்க அடுத்த பாஷையில் பேசிக் களைத்த வாய்கள் இல்லையா... நானும் கூச்சமில்லாமல் கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைசிக் காட்சி. எத்திராஜ் சார் முதல் வரியைப் பாடி நிறுத்தினார். மேடை ஓரத்தில் கிழிந்த சட்டையோடு நின்ற இவர் வாயைத் திறந்தார்...

மொத்த ஹாலும் இரண்டாவது வரியைப் பாடிவிட்டது!

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பாட்டு அதுவாக வந்துவிட்டது. என் வாயும் சேர்ந்துதான் பாடியிருந்தது. இவர் திறந்த வாயை மூடாமல் அப்படியே நின்றார். வீட்டில் 'ம்' போடும்போது இருக்குமே, அதே முகம்.

நிலா என் புடவையை இழுத்து, "அம்மா, நான்னா பாடலேது..." என்றாள். அப்பா பாடவே இல்லையாம்.

எத்திராஜ் சார் அழ வேண்டிய இடம் அது. அவரோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அரே! இத்தனை பேரும் என் தம்பிங்களா? எங்கம்மா தொலைச்சது ஒருத்தனைத்தானே!"

ஹால் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் கையைத் தூக்கினார். "உங்களையெல்லாம் அப்புறம் கட்டிக்கிறேன். இப்ப என் தம்பி மட்டும் பாடட்டும்."

மறுபடி முதல் வரி. இந்தத் தடவை ஃபேன் ஓடும் சத்தம்கூடக் கேட்டது.

இவர் பாடினார். முதல் சொல் கொஞ்சம் பிசிறியது. அப்புறம் பிடித்துக்கொண்டார் பாருங்கள்... காலேஜில் நான் கேட்டு மயங்கிய அதே குரல்! பக்கத்து மாமி மூக்கை உறிஞ்சினார். நான் அழுதே விட்டேன். சொல்வதில் என்ன வெட்கம்.

வெளியே வந்தால் முன்பின் தெரியாதவர்களெல்லாம், "என்ன தம்பி, கெடைச்சிட்டீங்களா?" என்று இவரைக் கட்டிப்பிடித்தார்கள். வீடு போய்ச் சேரும்வரை ஆட்டோவில் இவர் பேச்சு ஓயவில்லை. அன்றைக்கு 'ம்' போட்டது நான்தான்.

இப்போது அந்தக் குழு இல்லை. எத்திராஜ் சார் ரிடையராகி மகனோடு புனே போய்விட்டார். எந்தப் பாட்டு வேண்டுமானாலும் ஃபோனில் வந்துவிடுகிறது, ஆளுக்கொரு இயர்ஃபோனில் கேட்டுக்கொள்கிறோம். ஒரு ஹால் நிறையச் சேர்ந்து பாடிச் சொதப்ப ஆள்தான் இல்லை...

போன ஞாயிற்றுக்கிழமை உப்பல் பக்கம் காரில் போகும்போது, என்னையறியாமல் அந்த முதல் வரியை முணுமுணுத்தேன். வழக்கம்போல அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த நாடகத்துக்குப் பிறகு இரண்டாவது வரியை எங்கள் வீட்டில் வேறு யாரும் பாடுவதில்லை.

இவர் கவனம் இங்கே இல்லை. ஜன்னலை இறக்கி, குறுக்கே பைக்கில் வந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சரளமான தெலுங்கில்!

லீவுக்கு வந்திருந்த நிலா பின்ஸீட்டிலிருந்து அவர் தோளைத் தட்டினாள்.

"அப்பா... உங்க வரி."