லேத்துப் பட்டறையில் வெந்த பீட்சா

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரியில் முதல் தடவையாகப் பீட்சா தின்ற நாளிலிருந்து எனக்கு ஓவன் பைத்தியம் பிடித்துவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வட்ட ரொட்டி, தக்காளி சாஸ், குடைமிளகாய், மேலே இழுத்தால் நீளும் சீஸ். இதை வீட்டிலேயே செய்ய ஒரு ஓவன் வாங்கினால் என்ன தப்பு என்று நானே வக்கீலாக வாதாடி, நானே நீதிபதியாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டு நிலைமைதான் அதற்கு ஏற்றதாக இல்லை. என் கணவர் பீளமேட்டில் வீட்டை ஒட்டிய பட்டறையில் ஒரே ஒரு லேத்தை, அதாவது கடைசல் மிஷினை வைத்து, பம்பு கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பவர். அந்த வருஷம், ஓடுகிற லேத்தில் கையுறை சிக்கி வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. புண் ஆறியது, மனுஷன் ஆறவில்லை. பட்டறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டியவர் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. லேத்தை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, ஆடி கழிந்ததும் வண்டியில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அதற்கப்புறம் பிழைப்புக்கு என்ன செய்வது என்று கேட்டால், "பாக்கலாம்" என்பார்.

இந்த லட்சணத்தில்தான் ஓவன் கேட்டேன். அவர் மனதை மாற்றத் தந்திரமாகக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எனக்குப் பீட்சா வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தையல் கூலியில் சேர்த்ததை எடுத்துக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு கிராஸ்கட் ரோட்டுக்குப் போனேன்.

அலுமினியத்தில் வட்டமான ஓவன், மூடியில் கண்ணாடி. பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

"கேக்கு, பிஸ்கட்டு, பீட்சா எல்லாம் வருமுங்கக்கா. கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றார் கடைக்காரர்.

என் கணவர் கண்ணை மூடவில்லை. வெளியே வந்தால் எப்போதும் கைக்குட்டையால் சுற்றி வைத்திருக்கும் வலது கையை விடுவித்து, ஓவனைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, சூடேத்தற காயிலு கம்பி கீழ மட்டுந்தான் இருக்குது. மேல எப்புடிங்க வேகும்?"

"அதெல்லாம் வெந்துருமுங்க."

"தகரமாட்ட இருக்குது. சூடு நிக்காதுங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "வா அம்மணி, போலாம். இதைய நானே செஞ்சுபோடறேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எதையும் கடையில் பார்த்தால் இதை நாமே செய்துவிடலாமே என்று தோன்றுவது எங்கள் ஊர் ஆண்களின் வியாதி. காந்திபுரத்தில் பஸ் ஏறியதும் அவரை விட்டுத் தள்ளி முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை ஆணியில் சாவி இல்லை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பட்டறையிலிருந்து லேத்துச் சத்தம் கேட்டது.

அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். ஃபவுண்டரியில் வார்த்துக் கழித்துப் போட்ட கனத்த இரும்பு வட்டு ஒன்றை லேத்தில் மாட்டியிருந்தார். ஓவனுக்கு அடித்தட்டு அதுதான்; சமமாகக் கடைந்தால்தான் மேலே ரொட்டி வைக்க முடியும். மிச்சமிருந்த விரல்களால் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். முதுகெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் திரும்பிவிடுவாரோ, மறுபடியும் கை சிக்கிவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் லேத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். போதும் என்று விட்டுவிடுவார் என நினைத்தேன். எழுந்து மறுபடியும் ஓட்டினார். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். தோசை கருகிப்போனது.

ஓவன் ஒருவழியாகத் தயாரானது. தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால் சமையலறைக்கு வரவே இல்லை, பட்டறையிலேயே தங்கிவிட்டது. சுவிட்ச் போட்டால் வீட்டு லைட்டெல்லாம் மங்கும். முதல் பீட்சா கீழே கரி, மேலே பச்சை. மூடியிலும் ஒரு காயில் வைத்தார், ஃபியூஸ் போனது. பேசாமல் கடையிலேயே வாங்கிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பொறு அம்மணி, நாளைக்குப் பாக்கலாம்" என்றார், கண்ணை ஓவனிலிருந்து எடுக்காமலே. கடை ஓவன் வாங்கத் தகுந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் வாங்கவே இல்லை.

சொன்னபடி ஆடி கழிந்ததும் உடுமலைப்பேட்டைக்காரர் டெம்போவோடு வந்து நின்றார். அன்றைக்குப் பார்த்துப் பீட்சா ஓரளவு ஒழுங்காக வெந்திருந்தது.

"வாங்க, வாங்க. மொதல்ல சாப்புடுங்க" என்று என் கணவர் தட்டை நீட்டினார். கையில் கைக்குட்டை இல்லை.

வந்தவர் மரியாதைக்கு ஒரு துண்டைத் தின்று முடித்துவிட்டு, "மிஷின ஏத்திரலாமுங்களா?" என்று கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அத குடுக்கறதா இல்லீங்க. எனக்கு வேல இருக்குது."

வந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்காமல் எப்படி இருக்கும்? காலி டெம்போவோடு திரும்பிப் போனார், பாவம். என் கணவர் அவரை வழியனுப்பத் தெருமுனைவரை போயிருந்தபோது நான் பட்டறைக்குள் நுழைந்தேன். லேத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் வீட்டுக்காரரின் இரண்டு விரலைத் தின்ற மிஷின்தான். இருந்தாலும் கும்பிட்டேன்.