கவிழ்ந்து கிடந்த தட்டு

அந்த வருடம் எனக்கு எதுவும் கசக்கவில்லை, எதுவும் இனிக்கவில்லை. மழை பெய்தது, பஸ் ஓடியது, சிராங்கூன் ரோட்டில் கோயில் மணி அடித்தது. எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல.

ஐம்பதுகளின் கடைசி. டன்லப் தெருவில் ஒரு கடைவீட்டு மாடியில் தனியாட்களாக இருந்தோம். கூட்டுச் சமையல், ஆளுக்கொரு நாள் முறை. அடுப்பங்கரைப் பலகையில் எங்கள் எனாமல் தட்டுகள் வரிசையாக இருக்கும். வெளியே சாப்பிடப் போகிறவன் காலையில் தன் தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். முறைக்காரர் அதைப் பார்த்து அரிசி போடுவார். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதுதான் அந்த வீட்டின் நாகரிகம்.

நான் தட்டைக் கவிழ்க்கத் தொடங்கினேன். பசி இல்லை. இல்லை என்று சொல்லத் தெம்பும் இல்லை. துறைமுகக் கிடங்குக்குப் போனேன், வந்தேன், சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

"ஐயாவுக்கு தெனமும் வெளியில விருந்து லா!"

"ஜாலான் புசார்ல மாமியார் வீடு புடிச்சிட்டான் போல."

"கல்யாணத்துக்காவது எங்களக் கூப்புடுவியா மாப்ள?"

சிரித்தேன். உதடு சிரிப்பதற்கு என் அனுமதி தேவைப்படவில்லை.

காரணம் என்ன என்று இன்றும் தெரியாது. கடன் இல்லை, காதல் இல்லை, ஊரில் எல்லோரும் சுகம். இல்லாமல் போய்விட்டால் என்ன என்கிற நினைப்பு முதலில் விருந்தாளி மாதிரி வந்தது. பிறகு பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. யாரிடம் சொல்ல? அப்போது அதற்கு முயல்வது சட்டப்படி குற்றம். வாயைத் திறந்தால் போலீஸ், அல்லது பைத்தியக்கார ஆஸ்பத்திரி.

பக்கத்துப் பாய்க்காரர் பஸ் கண்டக்டர். தீபாவளிக்கென்று தைத்து வைத்திருந்த என் சட்டையை ஒரு சனிக்கிழமை அவரிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவருடைய சமையல் முறை. அரிசி களைந்த ஈரக் கையோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"தீபாவளிக்கு நீ எதப் போட்டுக்கப் போற?"

நான் பாயின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"சரி, தெனமும் எங்க சாப்புடுற? கடை பேரச் சொல்லு."

பக்கத்துத் தேக்கா வட்டாரத்தில் எத்தனை சாப்பாட்டுக் கடைகள்! ஒன்றின் பேரும் வாயில் வரவில்லை.

"தம்பி, சாகணும்னு தோணுதா?"

அந்தச் சொல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் நடந்துவிடும் என்று பயம். எனக்கோ அது காதில் விழுந்ததும், கை மரத்துப்போகும்வரை தூக்கிவந்த மூட்டையின் மறுமுனையை யாரோ பிடித்ததுபோல இருந்தது.

"தோணுதுண்ணே."

அவர் அதட்டவில்லை. அம்மா அப்பாவை நினைத்துப் பார் என்று சொல்லவில்லை.

"இன்னிக்கு நான் எங்கயும் போகல. நாளைக்கு லீவு போடுறேன், ரெண்டு பேரும் டாக்டரப் போய்ப் பாப்போம்."

"பைத்தியம்னு எழுதிடுவாருண்ணே."

"எழுதட்டும் லா. எனக்குச் சளி புடிச்சப்பவும் என்னமோ எழுதுனாரு, எவனுக்குப் புரிஞ்சுது?"

எழுந்துபோய் என் தட்டை நிமிர்த்தி, கஞ்சி ஊற்றிக் கொண்டுவந்தார். "திங்கலன்னாலும் பரவால்ல. கவுக்காத."

ருசி தெரியவில்லை. சூடு தெரிந்தது.

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் கேட்டார். மருந்து தந்தார், திரும்பத் திரும்ப வரச் சொன்னார். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் வெளி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கினார். ஒரே நாளில் எதுவும் விடிந்துவிடவில்லை. ஒருநாள் ரசத்தில் புளி அதிகம் என்று நானாகச் சொன்னேன். மாடியே திரும்பிப் பார்த்தது.

தீபாவளியன்று அவர் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். தோள் இறுக்கம், பொத்தான் போராடியது.

"திருப்பிக் குடுங்கண்ணே."

"அடுத்த தீபாவளிக்குத் தர்றேன். இருந்து வாங்கிக்க."

இருந்தேன். வாங்கிக்கொண்டேன்.