மாமிக்கு எடுக்காத அளவு

நாகர்கோவிலிலிருந்து மலையாளக் கரைக்குக் கல்யாணமாகி வந்தவள் நான். கரமனையில் எனக்கொரு சின்னத் தையல் கடை. பிளவுஸ் மட்டும்தான் தைப்பேன். சுடிதார் கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு அந்தத் திமிர் உண்டு. பக்கத்து அக்ரஹாரத்தில் பாதிப் பேருடைய அளவு என் நோட்டில் இருக்கிறது. பழைய வாடிக்கைக்காரர்கள் துணியைப் போட்டுவிட்டுப் போனால் போதும்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்குக் கல்யாண பிளவுஸ் பைத்தியம் பிடித்தது. ஆரி எம்ப்ராய்டரி வேலை செய்த பிளவுஸ்களைப் படம் எடுத்துப் போனில் போட ஆரம்பித்தேன். நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆற்றிங்கலிலிருந்தும் புது ஆட்கள் வந்தார்கள். ஒரு கல்யாணப்பெண் வந்தால் கூடவே தங்கை, சித்தி, அத்தை என்று அரை டஜன். அவர்களுக்கு நாற்காலி, ஜூஸ், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. பழைய ஆட்களுக்கு, "அங்க வச்சிட்டுப் போங்க, தச்சு வைக்கேன்." அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

அப்படி ஒரு நாள் அக்ரஹாரத்து மாமி ஒருவர் வந்தார். அரசாங்க ஆபீஸில் வேலை, பதினேழு வருஷமாக என்னிடம்தான் தைக்கிறார். நாலைந்து மாதமாக ஆளைக் காணோம். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன், விசாரிக்கவில்லை. நன்றாக மெலிந்திருந்தார். கடை நிறையக் கல்யாணக் கோஷ்டி.

"திங்கட்கிழமை வேலைக்குப் போகணும். புதுசா அளவு எடுக்கணும்டீ," என்றார் மெதுவாக.

"உங்க அளவு எனக்குத் தெரியாதா மாமி? மெலிஞ்சிருக்கீங்க, அரை இஞ்ச் குறைச்சிருதேன். சனிக்கிழமை வாங்கிக்கிடுங்க, கேட்டோ."

"இல்லடி, கொஞ்சம் உள்ள வாயேன்..."

கல்யாணப்பெண்ணின் அம்மா கழுத்து டிசைன் பற்றி ஏதோ கேட்டாள். அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். மறுபடி பார்த்தபோது துணி மேஜைமேல் இருந்தது, மாமி இல்லை.

சொன்னபடி தைத்தேன். சனிக்கிழமை மாமியின் வீட்டுக்காரர் வந்து வாங்கிப் போனார். மாமி ஏன் வரவில்லை என்று கேட்கக்கூட எனக்கு நேரம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், மண்டையைப் பிளக்கிற வெயிலில் மாமி மறுபடி வந்தார். முந்தானையை இரண்டு தோளையும் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தார். வாசலிலேயே நின்றார்.

"இப்போ கூட்டம் இல்லையே?"

பதினேழு வருஷத்தில் மாமி என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. உள்ளே கூட்டிப்போய்த் திரையை இழுத்துவிட்டேன்.

மாமி போர்த்தியிருந்த முந்தானையை விலக்கினார். நான் தைத்த பிளவுஸின் இடது பக்கம் காலியாகத் தொங்கியது. மார்பில் கட்டி, ஆபரேஷன் ஆகி நாலு மாதம் என்றார்.

"ஒரு வாரமா ஆபீஸ்ல போத்திண்டே உக்காந்திருக்கேன். ஃபேன் காத்து எட்டாத சீட் வேற. குளிர்றதான்னு கேக்கறா எல்லாரும்."

நான் அழுதுவிட்டேன். என்ன மடச்சி நான். அளவு எடு என்று வாய் திறந்து கேட்டவரை, எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"வேற எங்கயாவது போயிருக்கலாமே மாமி."

"போனேனே. கிழக்கேகோட்டைல ஒரு கடை, மாடி ஏறினேன். புது எடம்னா எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லணும். முடியல, எறங்கி வந்துட்டேன்."

டேப்பை எடுத்தேன். இடது பக்கம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. "தொடு, ஒண்ணும் ஆகாது," என்றார். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தேன். அதே பிளவுஸை வாங்கி, இடது பக்கம் உள்ளே மெத்தென்று பருத்தித் துணியை மடித்து வைத்து அப்போதே தைத்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மாமி போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார்.

"தெரியறதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

"கொஞ்சம் தெரியுது மாமி. கழட்டிக் குடுங்க, பிரிச்சுத் தைக்கேன்."

இரண்டு தடவை பிரித்தேன். மூன்றாவது தடவை போட்டுக்கொண்டு மாமி கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.