சேர மறுத்த ரெண்டு தாளம்

ஓட்டல் சலவைக்கூடத்தில் மெஷின் ஓட்டுபவருக்குக் கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகளில் ஒரு வாரத் துணியை மடித்து வைக்கலாம். அவ்வளவு அசதி. நின்றுகொண்டே தூங்குவதில் குதிரையே அவரிடம் வந்து பாடம் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட மனுஷர்தான், இருக்கிற வேலை போதாதென்று, கம்ப்யூட்டரில் இசை போடக் கற்றுக்கொண்டிருந்தார்.

அதுவும் நேர்வழி இசை இல்லை. திரையில் கட்டம் கட்டமாக ஒரு வரிசை. ஒரு கட்டத்தைத் தட்டினால் அந்த இடத்தில் ஓர் அடி விழும். வரிசை முடிந்தால் தானாக முதலிலிருந்து ஓடும். மேல் வரிசைக்கு ஆறு கட்டம், கீழ் வரிசைக்கு நாலு; வரிசைக்கு ஒரே ஓர் அடி. நீளம் வேறு வேறு என்பதால் ரெண்டும் விலகி விலகி ஓடி, ஓரிடத்தில் டம்மென்று சேர்ந்து விழ வேண்டும். வீடியோவில் சொல்லிக்கொடுத்தவன் ரயிலைத் தவறவிடப் போகிறவன் மாதிரி பேசினாலும், அந்த 'டம்' விழுந்தபோது மெஷின்காரருக்கு முதுகுவலியே மறந்துபோனது.

அவர் போட்டதில் மட்டும் அது வரவேயில்லை.

இதற்கிடையில் மச்சினன் வேறு அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டு நச்சரித்தான். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் மனைவி, தன் லீவு நாளில், வீங்கிய காலைச் சுடுதண்ணி பக்கெட்டில் விட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"ஏங்க, அந்தச் சேர்ற சத்தத்தை இன்னைக்கு என் காதுல காட்டுங்க. இல்லைன்னா சாயங்காலம் தம்பி வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

அவர் ஓடவிட்டார். டக்... டிக்... டிக்... டக்...

"இரு, இப்ப வந்துடும்."

"இப்ப வரும் இப்ப வரும்னு தண்ணியே ஆறிப்போச்சு."

"கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சும்மா."

"அதுக்கு மட்டுமா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "மேல முதல் கட்டத்துல அடி இருக்கு; கீழ் வரிசையில முதல் கட்டம் ஏன் காலியா கெடக்கு? ரெண்டாவதுல அடி வெச்சிருக்கீங்க?"

"பின்ன? ரெண்டையும் ஒண்ணா கிளப்பினா தரை ஆடாதா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சலவைக்கூடத்தில் ரெண்டு பெரிய மெஷினும் ஒரே நேரத்தில் துணி பிழிந்தால் கட்டடமே குதிக்கும். அதனால் ஒன்றைக் கிளப்பி, கொஞ்சம் விட்டுத்தான் அடுத்தது. கைக்குப் பழகிய அந்தப் பயம் இங்கேயும் வந்துவிட்டது. ஆறும் நாலும் இரட்டைப்படை; ஒரு கட்டம் தள்ளிக் கிளம்பிய ரெண்டும், உலகம் முடியும்வரை ஓடினாலும் ஒன்றையொன்று தொடாது.

"இது என்ன ஈரத்துணியா பிழியுது?" என்றாள்.

அவர் அடியை முதல் கட்டத்துக்கு நகர்த்தினார். ரெண்டும் ஒன்றாகக் கிளம்பின. காலுக்கொரு அளவில் செருப்புப் போட்டவன் நடை மாதிரி நொண்டின. பிறகு, டம்! அவள் கால் துள்ளியதில் பக்கெட்டிலிருந்து தண்ணீர் தெறித்தது.

"இன்னொரு தடவை வரட்டும்," என்றாள்.

வந்தது. மறுபடியும் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் தாடை மார்பில் கிடந்தது. அவள் நிறுத்தவில்லை. போன் அடித்தது; தம்பி.

"கம்ப்யூட்டர் கிடையாதுடா. வேற எங்கயாவது பாரு."

"என்னக்கா அங்க சத்தம்?"

"ரெண்டு தாளம்டா. மூணாவது உன் மச்சான் குறட்டை. அது எதோடயும் சேராது."