சனியை ஓட விட்ட கதை

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த ஒரு பொங்கல் சமயம். அதுவரை கடத்தூருக்குப் பக்கத்தில் என் மாமனார் வீட்டில் நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. பந்தியில் முதல் இலை எனக்கு, குழம்பில் முதல் கரண்டியும் எனக்கு. அந்த வருஷம் என் கொழுந்தியாளைக் கட்டிய சகலை, சேலத்து வாத்தியார், முதல் பொங்கலுக்கு நாலு நாள் முன்னாலேயே வந்து இறங்கினார். சட்டைப் பையில் பேனா. அதைப் பார்த்ததுமே என் வெறும் சட்டைப் பையைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

வந்த அன்றே வாசலில் பித்தளைச் செம்பைக் கவிழ்த்து, "இதுதாங்க சூரியன்" என்றார். எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி நடந்தார்.

"பூமி சூரியனப் பாத்து விழுந்துகிட்டேதாங்க இருக்குது. பக்கவாட்டுல வேகமா ஓடறதால அதும்மேல விழாம சுத்திகிட்டு இருக்குது."

"விழுந்துகிட்டே இருக்குதா? அய்யோ பாவமே!" என்றார் கதவோரம் நின்ற மாமியார்.

மாமனார் தலையாட்டினார். ஆறு வருஷமாக நான் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் எவ்வளவோ பேசியிருக்கிறேன். எனக்கு ஒரு தடவைகூட ஆடாத தலை அது. என் மனைவி இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் எனக்கு ஒரு களி உருண்டை வைத்தார்கள், அவருக்கு இரண்டு. நாளைக்கு முதல் இலையும் போய்விடுமோ என்று மோர் குடிக்கும்போதே வியர்த்துக் கொட்டியது.

மறுநாள் களத்தில் ராகிக் கதிர் மிதிக்க வேண்டும். நடுவில் முளை அடித்து, நாலு மாட்டை வரிசையாகக் கழுத்தோடு கழுத்து பிணைத்துச் சுற்றி ஓட்டுவோம். உள்ளே கிழமாடு, வெளியே இளங்காளை. அதுதான் வழக்கம், வெளி மாட்டுக்குத்தான் ஓட்டம் அதிகம். வீடே களத்தில் நின்றது. இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று முளையைத் தட்டிக் காட்டினேன்.

"நேத்து செம்புல பாத்தீங்க, இன்னைக்கு உசுரோட பாருங்க. முளைதான் சூரியன். கிழமாடு புதன், அடுத்தது வெள்ளி, அப்புறம் பூமி. வெளிய ஓடறது சனி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நம்ம வூட்ல மாடு இல்லீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் தலை லேசாக அசைந்தது போலக்கூட இருந்தது. புதன் அசைபோட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே திரும்பியது. சனி வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

"ஏங்க," என்றாள் என் மனைவி, "சனிக்கு மந்தன்னு, மெதுவா போறவன்னுதானே பேரு? அது எதுக்கு இந்த ஓட்டம் ஓடுது?"

எல்லாரும் சகலையைப் பார்த்தார்கள். அவர் குனிந்து, சிதறிக் கிடந்த ராகிக் கதிரைப் பொறுக்க ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. காதெல்லாம் சூடேறியது. நிதானமுள்ள மனிதன் அந்த இடத்தில் சிரித்து ஒப்புக்கொண்டிருப்பான். நான் பிரபஞ்சத்தைத் திருத்தப் போனேன். சனியின் கயிற்றைப் பின்னால் இழுத்துப் பிடித்து, புதனைத் தார்க்குச்சியால் ஒரு குத்து குத்தினேன்.

வயசான மாடு அது. அப்படி ஒரு மரியாதையை எதிர்பார்க்கவில்லை. துள்ளி முன்னால் பாய்ந்தது. பிணைப்பு முறுக்கிக்கொண்டு வெள்ளியும் பூமியும் முட்டிக்கொண்டன. சனி கயிற்றை அறுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தது. ராகித்தாள் போரின் உச்சிக்கு நான் எப்படிப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தியது என் மனைவி.

"முப்பது வருசம் வாழ்ந்தவனும் இல்ல, தாழ்ந்தவனும் இல்லன்னு சனியத்தான் சொல்லுவாங்க," என்றார் மாமனார். "நம்ம மாப்பிள்ளையோட சனி அந்த முப்பது வருசத்த மூணு நிமிசத்துல முடிச்சிருச்சு."

சகலை மட்டும் சிரிக்காமல் வந்து, நான் இறங்கக் கை கொடுத்தார்.

"கயிறுதாங்கண்ணா தப்பு. அங்க ஒண்ணோட ஒண்ண யாரும் கட்டி வெக்கல. தனித்தனியா ஓடுது. சூரியனுக்குக் கிட்ட இழுப்பு ஜாஸ்தி, அதனால புதன் வேகமா ஓடுது. தூரம் போகப்போக இழுப்பு கொறையும், ஓட்டமும் கொறையும். மத்தபடி நீங்க சொன்ன வரிசை சரிதாங்க."

கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். மனுஷன் நல்லவராக வேறு இருந்து தொலைத்தார்.

மத்தியானம் இலை போட்டதும் நான் வாசற்படியிலேயே தயங்கினேன். அவர் தானாகவே இரண்டாவது இலையில் உட்கார்ந்து, "அண்ணன் வரட்டும்" என்றார். முதல் இலை எனக்கே. அன்று எனக்கும் களி இரண்டு உருண்டை விழுந்தது. ஆனால் என் மனைவி குழம்புச் சட்டியோடு அவர் இலைக்கு எதிரே நின்றுவிட்டாள்.

"வெள்ளி ஒரு சுத்து சுத்தி வர எத்தன நாளுங்க ஆவும்?"

அவர் பதில் சொல்ல, மாமனார் சாய்ந்து கேட்க, மாமியார் கதவோரம் வந்து நின்றார். முந்தின நாள் சூரியனாக இருந்த அந்தப் பித்தளைச் செம்பு சகலையின் இலையருகே மினுமினுத்துக்கொண்டிருந்தது. என் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தும், "தாகமா இருக்குது" என்று சொல்லி, எட்டி அதை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.