கொல்லாம்பழத் தேயிலைத் தண்ணீர்

கடற்கரைச் சாலைத் துரை பங்களாவில் பதினோரு வருஷம் அடுப்படியில் நின்றவள் ஜீவமணி. உலகச் சண்டை முடிந்து துரை கப்பலேறியதும் வேலை போய் வீட்டோடு ஆனாள். அந்த வீட்டில்தான் அவள் புருஷன் தேவதாசன், நாக்கை நனைக்கும் சொட்டுத் தண்ணீர் தவிர எதுவும் இறங்காமல் கட்டிலில் கிடந்தார். தோணிக்குச் சரக்கு ஏற்றும் மேஸ்திரி, தொண்டையில் புற்று. "இனி மருந்து இல்லையம்மா. எது இறங்குதோ அதைக் கொடுங்க" என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

எதுவும் இறங்கவில்லை. கஞ்சி எரிந்தது, பால் குமட்டியது. ஒரு மத்தியானம் நெற்றியில் போட்ட ஈரத்துணியின் நுனியை அவர் சப்புவதைப் பார்த்தாள். குளிர்ச்சிதான் அந்தப் புண்ணுக்குப் பிடிக்கிறது. சித்திரை பிறந்தால் துரைசானி கேட்பாளே, பழச்சாறு கலந்து ஐஸில் குளிரவைத்த தேயிலைத் தண்ணீர், அதைச் செய்தால் என்ன?

எலுமிச்சையும் அன்னாசியும் காந்தும். தெருவில் கூடைக்காரி கூவிப் போன கொல்லாம்பழத்தை, முந்திரிப் பழத்தை, அவரே விரல் நீட்டிக் காட்டினார். சாத்தான்குளத்துச் செம்மண்காட்டில், கொல்லா மரங்களுக்கு நடுவே பிறந்தவர்.

"யக்கா, அது நல்ல தொண்டையவே கவ்வுமே!" என்றாள் பக்கத்து வீட்டுச் செண்பகம்.

"கவ்வாம செய்ய எனக்குத் தெரியும்ளா."

பிழிந்த சாற்றில் ஆறின வடிகஞ்சியை ஊற்றினால், கவ்வுகிறதெல்லாம் திரிதிரியாய்த் திரண்டு அடியில் தங்கிவிடும். தெளிவை வடிகட்டி, லேசான தேயிலைத் தண்ணீரில் பனங்கற்கண்டோடு சேர்க்க வேண்டியதுதான்.

ஐஸ் திரேஸ்புரத்து மீன்துறையில் இருந்தது. மீனை ஐஸில் வைத்துக் கட்டி அனுப்புகிற இஞ்ஞாசி சிரித்தான்.

"என்ன மணியக்கா, வீட்டுல சுறா எதும் வளக்கியளா?"

"வளக்கேன். பத்து நாளா இரை எடுக்கல."

அவன் சிரிப்பு நின்றது. நல்ல துண்டாக வெட்டி உமியும் சாக்கும் சுற்றிக் கொடுத்தான். "மீனுக்குப் போடுற ஐஸ்க்கா. வாயில வச்சிராதிய."

"வெளிய வச்சுத்தான் குளிர வைக்கப்போறேன்டே."

வாளியில் ஐஸை உடைத்துப் போட்டு, பங்களாவில் செய்வதுபோல் இரண்டு கை உப்பையும் அள்ளிப் போட்டாள். உப்புச் சேர்ந்தால் குளிர் ஏறும். நடுவில் தேயிலைத் தண்ணீர்ச் செம்பை இறக்கினாள். துறைமுகத்துக் கரித்தூளுக்குப் பயந்து அந்தத் தெருவில் எல்லாப் பாத்திரத்து வாயிலும் துணிதான் வேடு கட்டுவார்கள்; அவளும் கட்டினாள். துணியின் ஒரு முனை வாளிக்குள் தொங்கியதைக் கவனிக்கவில்லை. உருகிய உப்புத்தண்ணீரை அது உறிஞ்சி உறிஞ்சிச் செம்புக்குள் இறக்கிக்கொண்டிருந்தது.

கரண்டியைக் கண்டதும் தேவதாசன் தாமாகவே வாயைத் திறந்தார். பத்து நாளில் முதல் தடவை. ஒரு மடக்கு இறங்கியது. உடனே கண் செருகியது. கட்டில் சட்டத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. அலறல்தான், ஆனால் சத்தம் வரவில்லை. எச்சிலில் ரத்தம் வந்தது.

ஜீவமணி செம்பிலிருந்து நாக்கில் விட்டுப் பார்த்தாள். உப்பு.

மறுநாள் உப்பும் இல்லை, துணியும் இல்லை, பித்தளை மூடி. மூன்று தடவை ருசி பார்த்துவிட்டுக் கொண்டுவந்தாள்.

"இந்தாருங்க, இன்னைக்கு நல்லாருக்கு. நானே குடிக்கேன் பாருங்க."

குடித்துக் காட்டினாள். அவர் தலையசைத்தார். நம்பத்தான் செய்தார். ஆனாலும் அவள் கை கிட்டே வந்ததும் பல் கிட்டிக்கொண்டது. தன் கையாலேயே தாடையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. அவர் கண்ணில் நீர் வந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் செண்பகம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "யக்கா, நான் குடுத்துப் பாக்கட்டா?"

ஜீவமணி கரண்டியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய், அவர் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் நின்றாள்.  மடக்கென்று ஒரு சத்தம், அடுத்தடுத்து இன்னும் சில.

"யக்கா! குடிக்காவ! ஏழு கரண்டி!"

"ஏளா, சத்தம் போடாத. நிறுத்தாம குடு."

அதிலிருந்து பத்தொன்பது நாள். விடிந்ததும் திரேஸ்புரம் போய் வருவாள். பிழிவாள், வடிப்பாள், குளிரவைப்பாள், ருசி பார்ப்பாள். பிறகு செண்பகத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கடைசி வாயும் செண்பகம் கொடுத்ததுதான். மூச்சு அடங்கிவிட்டதென்று அவள் கூப்பிட்டபோது ஜீவமணி அடுத்த வேளைக்குப் பழம் பிழிந்துகொண்டிருந்தாள்.